முத்துலட்சுமி அம்மா ஒப்படைத்த கணக்கு
(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், பணி நிறைவு பெறும் தலைவி ஆற்றிய ஏற்புரை)



பொன்னாடை போட்டாச்சு. பாராட்டிப் பேச வேண்டியவர்களும் பேசியாச்சு. பாதி உண்மை, பாதி அன்பு. ரெண்டையும் வாங்கிக்கிட்டேன். ஏற்புரைக்குப் பத்து நிமிஷம்னு அழைப்பிதழில் போட்டிருக்கு. அந்த நேரத்தில் என்னைப் பற்றிப் பேசுவதை விட, நம்ம புதுக்கோட்டையில் பிறந்து, சட்டசபைக்குப் போய், மூன்றரை வருஷத்தில் அந்தப் பதவியை விட்டு இறங்கி வந்த ஒரு அம்மாவைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஏன் இன்றைக்கு அவரைப் பற்றி என்பது போகப் போகத் தெரியும்.

அவர் பெயர் உங்க எல்லாருக்கும் தெரியும். கர்ப்பமான பிள்ளையை நர்சம்மாவிடம் கூட்டிப் போய் பிக்மி நம்பர் வாங்கினதும் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "முத்துலட்சுமி பணம் எப்ப வரும்?" பதினெட்டாயிரம் ரூபாய்த் திட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் என்று முழுப் பேரும் பாரத்தில் இருக்கும். போன வருஷம் ஒரு பிள்ளை என்னிடம், "ஏன் பெரியம்மா, இந்த முத்துலட்சுமிங்கிறவங்க மெட்ராஸ்ல பெரிய ஆபீசரா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மேல் என்ன குற்றம்? பாரத்தில் பேர்தான் இருக்கு, கதை இல்லையே.

1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, மன்னர் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண்ணை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. பையன்கள் படிக்கிற இடத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளையா என்று கேட்டார்கள். புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் கல்லூரிக் கதவு திறந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று பேசி முடித்த பிறகுதான் சம்மதம் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்றைக்கு நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது பவுனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுகிறோமா?

இனி சட்டசபைக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921-இல் வந்தது. அதுவும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-இல்தான் கிடைத்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் துணிந்து நின்று, கொஞ்ச ஓட்டில் தோற்றுப் போனார். ஜெயித்து வந்த பெண் யாரும் இல்லை. சபையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டு, அரசாங்கம் முத்துலட்சுமி அம்மாவை நியமித்தது. நல்லாக் கவனிங்க, ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவர் இல்லை அவர். நியமன உறுப்பினர். முதலில் தயங்கவும் செய்தார், தன் மருத்துவத் தொழில் கெட்டுப் போகுமே என்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பஞ்சாயத்து உறுப்பினர்களாக இருக்கும் தங்கச்சிகள் எத்தனை பேர் "நீ ரிசர்வேஷனில் வந்தவதானே" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கை மேலே வரும். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சட்டசபைக்குள் போன பெண்ணும் அப்படி உள்ளே போனவர்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள், நடுவில் ஒரே ஒரு பெண். போன வேகத்தில், 1927-இல், அந்தச் சபையே அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் இல்லாத நேரம் அவர்தான் நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்த வேண்டும்.

நாற்காலி கிடைத்ததும் அவர் கையில் எடுத்தது எதை? தன் அம்மாவின் குடும்பத்தைத் தொட்ட விஷயத்தையே எடுத்தார். பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று 1927 நவம்பரில் தீர்மானம் கொண்டு வந்தார். இதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒரு பதிலடிக் கதை சொல்வார்கள். யாரோ எதிர்த்துக் கேட்டாராம், இவர் சுருக்கென்று ஒன்று சொன்னாராம், சபையே அடங்கிப் போச்சாம். கைதட்டல் வாங்கும் கதை. அதை எல்லா மேடையிலும் சொல்லிட்டாங்க, நான் சொல்லப் போவதில்லை. நான் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். நமக்குப் புரிகிற விஷயம் அது.

பொட்டுக்கட்டிய பெண்களுக்குக் கோயிலிலிருந்து மானிய நிலம் இருந்தது. ஊழியம் செய்கிற வரைக்கும் அந்த நிலத்தின் பலன் அவர்களுக்கு. ஊழியத்தை நிறுத்தினால் நிலம் போயிரும். அப்படி இருக்கும்போது "பொட்டுக்கட்டாதே, இது கேவலம், விட்டு வெளியே வா" என்று மேடையில் சொல்வது சுலபம். வந்த பிறகு சோறு? ஒரு தாய், தன் மகளுக்குப் பொட்டுக்கட்டினால்தான் நிலம் வீட்டில் நிற்கும் என்றால், என்ன செய்வாள்? இந்த முடிச்சை அவர் பார்த்தார். அதனால் தடைச் சட்டத்துக்கு முன்னாடியே வேறு ஒன்றைச் செய்தார். இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டு வந்தார். 1929-இல் அது சட்டமாச்சு. ஊழியம் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை நிலத்திலிருந்து பிரித்து எடுத்தது அந்தச் சட்டம். ஊழியத்தை விட்டாலும் நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும்.

எனக்கு இதில்தான் அவர் மேல் பெரிய மரியாதை. குடிக்கிற புருஷனை விட்டு வா என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வதற்கு முன்னால், அவள் பேரில் என்ன இருக்கிறது என்று நாம் பார்க்கிறோம் இல்லையா? பட்டா யார் பேரில், ரேஷன் கார்டு யார் பேரில், பாஸ்புக் யார் கையில் என்று. மகளிர் குழுவில் இருக்கிற எவளும் முதலில் கேட்கிற கேள்வி அது. 1929-லேயே ஒரு டாக்டரம்மா அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தவர்களில் தேவதாசிப் பெண்களும் இருந்தார்கள். சங்கம் வைத்து, அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். தங்கள் பாட்டும் ஆட்டமும் பிழைப்பும் போய்விடும், எல்லாரையும் ஒரே மாதிரிப் பேசி அசிங்கப்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் கவலை. அது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு கலையையும் அதோடு இருந்த மானத்தையும் ஊர் ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதே நேரம், அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று பேசினார். அவர் பேரும் உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் காலேஜ் போவதற்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருதே, புதுமைப் பெண் திட்டம், அதில் இருக்கிற பேர் அவருடையதுதான். நம் வீட்டில் இரண்டு பாரம் நிரப்புகிறோம். அந்த இரண்டிலும் ஒரே போராட்டத்தில் நின்ற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

கல்யாண வயதையும் அவர் விடவில்லை. பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்று உயர்த்தச் சொல்லி 1928-இல் சபையில் தீர்மானம் கொண்டு வந்தார். அடுத்த வருஷம் டெல்லியில் வந்த சட்டம் பெண்ணுக்குப் பதினாலோடு நின்றுவிட்டது. டாக்டர் இல்லையா, சின்னப் பிள்ளை பிரசவத்துக்கு வந்து படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தவர். விபசார விடுதிகளுக்கு எதிரான சட்டத்துக்கும் பாடுபட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும் கேட்டார். நிறைய இருக்கு, நேரம் இல்லை.

1930 வந்தது. ஜனவரியில், பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைச் சபையில் வைத்தார். மக்கள் கருத்துக் கேட்க அது சுற்றுக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து உப்புச் சத்தியாகிரகம். மே மாதம் காந்தியைக் கைது செய்தார்கள். முத்துலட்சுமி அம்மா ராஜினாமா செய்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை உண்டு. மசோதா பாதியில் கிடக்கும்போது இறங்கலாமா? அந்த மசோதா சட்டமாக வந்தது 1947-இல். எண்ணிப் பாருங்க, பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை சின்னப் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்டியிருப்பார்கள்? அவர் சபையிலேயே இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமோ? எங்கள் குழுவில் இதைப் பேசினபோது ரெண்டு கட்சி ஆயிட்டோம். நாட்டுத் தலைவரைச் சிறையில் வைத்த அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் எப்படி உட்காருவது என்று ஒரு கட்சி. கொள்கை வேறு, கையிலிருக்கும் வேலை வேறு, அதை முடித்துவிட்டு இறங்கியிருக்கலாம் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிதான். ஆனால் இரண்டாவது கட்சி சொல்வதில் இருக்கிற கனத்தை நான் மறக்கவில்லை. நாம் இறங்கினால் நம்மோடு சேர்ந்து வேலையும் இறங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

அந்த அபாயத்துக்கு அவர் என்ன செய்தார் என்று பார்த்தேன். இரண்டு காரியம் செய்தார்.

ஒன்று, கணக்கு எழுதினார். ராஜினாமா செய்த அதே 1930-இல், சட்டசபை உறுப்பினராகத் தன் அனுபவத்தை இங்கிலீஷில் ஒரு புத்தகமாகப் போட்டார். என்னென்ன கொண்டு வந்தேன், ஏன் கொண்டு வந்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று. நாம் பொறுப்பு மாறும்போது தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறோமே, அதேதான். மக்கள் கொடுத்த பதவிக்கு மக்களுக்குக் கணக்கு.

இரண்டாவது, வீட்டுக் கதவைத் திறந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் தங்க இடம் கேட்டு வந்தார்கள். விடுதிகளில் சேர்க்கவில்லை. பிறப்பைப் பார்த்து மறுத்துவிட்டார்கள். அப்போது தொடங்கியதுதான் அவ்வை இல்லம். அதுவும் அதே 1930. சபையில் அவர் வைத்த மசோதா காகிதமாகக் கிடந்தது. அந்த மசோதா யாருக்காகவோ, அந்தப் பிள்ளைகள் அவர் வீட்டில் சாப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அடையாறில் அந்த இல்லம் இன்றைக்கும் இருக்கு.

அதோடும் நிற்கவில்லை. அவருடைய தங்கை ஒருத்தர் புற்றுநோயில் இறந்து போனார். அந்த வலியை முப்பது வருஷம் மனசில் வைத்திருந்து, மாதர் சங்கத்தோடு சேர்ந்து நிதி திரட்டி, 1952-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயசு. சட்டசபையை விட்டு இருபத்து நாலு வருஷம் கழித்து. நம்ம பக்கத்திலிருந்தே எத்தனை பேர் அந்த ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறியிருக்கிறோம். இடையில் ஒன்று சொல்லிக்கிறேன், முப்பது வயசு தாண்டினவங்க கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்துக்கலாம். கூச்சப்பட்டுக்கிட்டு வீட்டிலேயே இருக்காதீங்க. இந்த மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் யார் போனாங்க, யார் போகலைன்னு எழுதுங்க.

1956-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலையில் காலமானார். அவர் பிறந்த நாளை இப்போது தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாக வைத்திருக்கிறது.

சரி, நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

அறிவொளி இயக்கம் நம்ம மாவட்டத்துக்கு வந்தபோது நான் கல்யாணமாகி வந்த புதுசு. ராத்திரி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படிச்சேன், பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள் பழகினேன். இங்கே முன் வரிசையில் இருக்கிற ரெண்டு அக்காமார் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினவங்க. அப்புறம் குழு, ஊக்குநர், கூட்டமைப்பு. இரண்டு முறை தலைவியாக இருந்தாச்சு. நம் விதிப்படி மூன்றாவது முறை கிடையாது. போன மாசம் சில தங்கச்சிகள் வீட்டுக்கே வந்தார்கள். "விதியைத் திருத்திக்கலாம் அக்கா, நீங்க இல்லைன்னா பேங்க்ல பேச ஆள் இல்லை" என்றார்கள். அன்பில் சொன்னது. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள்தான் ஜெயித்தார்கள். முத்துலட்சுமி அம்மா போய்த் தொண்ணூறு வருஷத்துக்கு அப்புறம் இதுதான் நிலவரம். பேங்கில் பேசவே ஒரே ஆள்தான் இருக்கிறாள் என்றால் சட்டசபையில் பேச எங்கிருந்து ஆள் வரும்? புதுத் தலைவியாக வரும் தங்கச்சிக்கு முப்பத்தி ரெண்டு வயசு. பேசுவாள். முதல் தடவை குரல் நடுங்கும், ரெண்டாவது தடவை மேனேஜர்தான் நடுங்குவார்.

ஆனால் பாதியில் கிடக்கிற ஒரு வேலை இருக்கிறது. அதை எல்லார் முன்னாடியும் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தங்கச்சி குழுவில் சேர வந்தாள். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். டவுனில் ஹோட்டல் சமையல் வேலை, ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். "அவளைச் சேர்த்தா எங்க குழு பேர் கெட்டுரும்" என்று இரண்டு குழுக்கள் மறுத்தன. அன்றைக்குக் கூட்டமைப்பில் தீர்மானம் போட்டோம். சாதியையோ, புருஷன் இருக்கானா இல்லையா என்பதையோ, எந்த நேரம் வேலைக்குப் போறாள் என்பதையோ வைத்து எந்தப் பெண்ணையும் குழுவில் சேர்க்க மறுக்கக் கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்க. தீர்மானம் போட்டாச்சு, ஆனால் எந்தக் குழுவும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தத் தங்கச்சியும் அவளைப் போலத் தனியாக இருக்கிற பதினோரு பேரும் சேர்ந்து புதுக் குழு ஆரம்பித்தார்கள். வாரம் ஐம்பது ரூபாய் சேமிப்பு, ஒரு வாரம்கூடத் தவறவில்லை. உள்கடன் ஒன்றுகூட நிலுவை இல்லை. நம் கூட்டமைப்பிலேயே சுத்தமான பேரேடு அவர்களுடையதுதான், நான் சரிபார்த்தவள் சொல்கிறேன். தர மதிப்பீடும் முடிந்துவிட்டது. கடன் விண்ணப்பம் ஏழு மாசமாக வங்கிக் கிளையில் கிடக்கிறது. ஒரு தடவை போட்டோ சரியில்லை என்றார்கள், ஒரு தடவை கணவர் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். மகளிர் குழுக் கடனுக்குக் கணவர் கையெழுத்து எதுக்கு?

நான் இறங்குகிறேன் என்பதால் அந்த விண்ணப்பம் இறங்கிவிடக் கூடாது. நகல் எல்லாம் பச்சை ஃபைலில் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் போனேன், யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக எழுதியும் இருக்கிறது. வட்டார இயக்க மேலாளர் மேடையில் இருக்கிறார், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, புதுத் தலைவியும் செயலாளரும் அந்தக் குழுவின் பன்னிரண்டு பேரும் கிளைக்குப் போகிறார்கள். நானும் வருவேன். ஆனால் முன்னாடி நிற்க மாட்டேன், பேசவும் மாட்டேன். பின்னாடி ஒரு உறுப்பினராக நிற்பேன். மறுத்த அந்த இரண்டு குழுக்களிலிருந்தும் ஆளுக்கு ஒருத்தராவது கூட வந்தால் எனக்குப் பொன்னாடை போட்டதை விடச் சந்தோஷம். மினி பஸ் ஒன்பது இருபதுக்கு, டீக்கடை நிறுத்தத்தில்.

தலைவி தங்கச்சி, மேலே வாம்மா. பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்பு, தீர்மானப் புத்தகம், பச்சை ஃபைல். எண்ணி வாங்கிக்கிட்டு இதுல கையெழுத்துப் போடு.